சங்கிலிக் கோபுரமும் ஒரு பொன்னாடையும்

அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, நீ என்ன படிக்கிறாய் எண்டு எனக்கு விளங்குற மாதிரி ஒருக்காச் சொல்லு. கடைக்கு வாற ஆக்கள் கேக்கினம். நான் என்ன சொல்லுறது?"

அப்போது நான் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வில் மூன்றாவது வருடத்தில் இருந்தேன். ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறிய ஆங்கில நகரத்தில், ஸ்ட்ரெதம் பக்கம், அப்பாவுக்கு ஒரு பெற்றோல் செட்டில் வேலை, பெரும்பாலும் இரவு ஷிப்ட். அங்கே வரும் நம்மாட்கள் பெற்றோல் அடித்துவிட்டுக் காசு கட்ட உள்ளே வந்தால் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்காமல் போகமாட்டார்கள். ஒருவரின் மகன் பல் வைத்தியர், இன்னொருவரின் மகள் கணக்காளர். அப்பாவின் முறை வரும்போது, "யூனிவேர்சிற்றியில நிக்கிறான்" என்பார். "என்ன செய்யிறார்?" என்று அடுத்த கேள்வி வரும். ஒருமுறை தட்டுத்தடுமாறி, "கப்பல் சம்பந்தமா" என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர், "ஆ, மரைன் எஞ்சினியரோ! நல்ல சம்பளமெல்லோ" என்று சந்தோஷமாகப் போய்விட்டார். அடுத்த கிழமை தன் மருமகளின் தங்கைக்காக என் சாதகம் கேட்டு வந்து நின்றார்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவர். அம்மா கொஞ்சம் கூடப் படித்தார். இடம்பெயர்ந்து திரிந்ததில் அதுவும் நின்றுபோனது. ஆகவே நான் என்ன படிக்கிறேன் என்பதைத் தாங்களாகவே ஊகித்துக்கொள்ள அவர்களுக்கு வழியில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சிலுவைப் போர்க் காலத்தில், கப்பல்களில் வந்தவர்கள் கோட்டை கட்டிக் காத்த துறைமுகங்களை எப்படித் தாக்கினார்கள் என்பதுதான் என் ஆய்வு. துறைமுகத்தின் வாயை மறித்துக் கட்டிய இரும்புச் சங்கிலிகள், அந்தச் சங்கிலிகளைக் காத்த கோபுரங்கள், அவற்றைப் பிடிக்கக் கப்பல்களின் மேலேயே கட்டிக்கொண்டு வந்த ஏணிகள். இதோ, இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். ஆனால் வீட்டில் அந்த இரண்டு வரியைச் சொல்லி முடிக்க என்னால் முடியவில்லை.

தலைப்பு முடிவான அன்று, சாப்பாட்டு மேசையில், "பழைய காலத்து நேவி அடிபாடுகள் அப்பா" என்று தொடங்கினேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவருடைய கை நின்றது.

"உலகத்தில வேற விசயம் இல்லையோ தம்பி?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியதுபோல்தான் கேட்டார். பிறகு எழுந்து சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விட்டார். அம்மா குரலைத் தாழ்த்தி, "சண்டைக் காலத்தில ஊரில அவர் இருந்த கரைக்கு நேவி வந்து அடிச்சதெல்லே. அந்தச் சொல்லை இந்த வீட்டில சொல்லாத. பிறகு ஒருக்கா, நேரம் பாத்து ஆறுதலாச் சொல்லுவம்" என்றார். அந்த ஆறுதலான நேரம் வரவே இல்லை. நானும் அதைத் தேடிப் போகவில்லை.

அதனால், அப்பா தானாகவே வந்து "விளங்குற மாதிரிச் சொல்லு" என்று கேட்டபோது அதை நழுவவிடக் கூடாது என்று தோன்றியது. அவசரத்தில், "அடுத்த மாதம் யூனிவேர்சிற்றியில நான் பேசுறன் அப்பா. படமெல்லாம் போட்டுக் காட்டுவன். நீங்கள் வாங்கோ" என்றேன்.

நான் சொன்னது ஆய்வு மாணவர்களின் கருத்தரங்கு. ஒரு சிறிய அறை, பத்துப் பன்னிரண்டு பேர், ஆறிப்போன கோப்பி. ஆனால் எங்கள் ஆட்களுக்கு, ஒருவர் எழுந்து நின்று பேசுகிறார், மற்றவர்கள் இருந்து கேட்கிறார்கள் என்றால் அது விழா. விழா என்றால் குத்துவிளக்கு, பிரதம விருந்தினர், பொன்னாடை, கடைசியில் சாப்பிட, இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ். இதை நான் விளக்கியிருக்க வேண்டும். அப்பா வர ஒத்துக்கொண்ட சந்தோஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

கருத்தரங்கு நாளன்று மத்தியானம் நான்காம் மாடி லிப்டின் கதவு திறந்தது. முதலில் வந்தது ரோல்ஸ் வாசம். பிறகு பட்டுச்சேலையில் அம்மா. பிறகு கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டுடன் அப்பா. இரவு ஷிப்ட் முடித்து நித்திரை கொள்ளாமல் அப்படியே வந்திருந்தார். அவருக்குப் பின்னால், இரண்டு கையிலும் பைகளோடு மாமா. மாமா அம்மாவின் தம்பி. பல வருடம் பிரான்சில் இருந்துவிட்டு இங்கே வந்து அப்டன் பார்க்கில் மரக்கறிக் கடை போட்டவர். எந்த விழாவிலும் முன்வரிசையில் இருந்து பலமாகக் கை தட்டுபவர்.

அம்மா அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மண்டபம் எங்க தம்பி?"

"இதுதான் அம்மா."

"இதுவோ? அப்ப விளக்கு எங்க வைக்கிறது?"

"அக்கா, விளக்கைக் கொளுத்தினா மேல தண்ணி அடிக்கும்" என்று மாமா கூரையில், புகை வந்தால் தண்ணீர் தெளிக்கும் கருவியைக் காட்டினார். "பையிலயே கிடக்கட்டும். சாமி குறை நினைக்காது."

நான் பேசத் தொடங்கினேன். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். நைல் நதியின் முகத்துவாரத்தில் ஒரு துறைமுக நகரம். ஆற்றின் நடுவே ஒரு கோபுரம். கோபுரத்திலிருந்து நகரத்தின் மதில் வரை இரும்புச் சங்கிலி. மூன்றாவது படம் போடும்போது பார்த்தேன். அப்பாவின் தலை மெல்ல மெல்லச் சாய்ந்து, கோட்டின் கழுத்துப் பட்டியில் தாடை பதிந்துவிட்டது. வீட்டில் சோபாவில் எப்படி நித்திரை கொள்வாரோ அப்படியே, இரண்டு கையையும் மடியில் கோத்தபடி. அம்மா அவருடைய தொடையில் கிள்ளினார். ஒருமுறை கண் திறந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு திரும்பவும் சாய்ந்துவிட்டார்.

எனக்கு வெட்கம் வரவில்லை. அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று என்னை அறியாமல் குரலைத் தாழ்த்தியிருக்கிறேன். பின்வரிசையில் ஒருவர் காதில் கை வைத்துச் சத்தமாகப் பேசும்படி சைகை காட்டினார்.

பேச்சு முடிந்து எல்லோரும் கை தட்ட, அந்தச் சத்தத்தில் அப்பா திடுக்கிட்டு எழுந்தார். அம்மா ஆயத்தமாக இருந்தார். பொன்னாடையைப் பையிலிருந்து எடுத்து அப்பாவின் கையில் திணித்து, "போங்கோ, போங்கோ, முடிஞ்சுது" என்று முதுகில் தள்ளினார்.

அப்பா அறையை ஒருமுறை பார்த்தார். எங்கள் விழாக்களில் பிரதம விருந்தினர் யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்னால், நடுவில், கோட்டும் டையுமாக இருப்பவர்தான் அவர். அன்று முன்னால், நடுவில், டை கட்டி இருந்தவர் ஒரே ஒருவர். படம் காட்டும் கருவி இடையில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வந்திருந்த இளைஞர். என் பேராசிரியர் பின்மூலையில், பழைய கம்பளிச் சட்டையோடு, சைக்கிள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

நான் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வருவதற்குள் அப்பா அந்த இளைஞரின் முன்னால் போய், பொன்னாடையை விரித்து, தோளில் போர்த்தி, கைகூப்பி நின்றார். மாமா எழுந்து நின்று தட்டத் தொடங்கினார். அறை ஒரு கணம் விழித்தது. பிறகு எல்லோரும் தட்டினார்கள், எல்லோரையும்விடப் பலமாக என் பேராசிரியர். அந்த இளைஞர் முகமெல்லாம் சிவந்து, எழுந்து, அப்பா செய்தது போலவே கைகூப்பினார். "தாங்க் யூ, சேர்" என்றார். மாமா அவர்களைச் சேர்த்து நிறுத்திப் படமும் எடுத்தார்.

வெளியே நடைபாதையில் பேராசிரியர் வந்து ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே அப்பாவிடம் என்னைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொன்னார். என்னைப் பற்றிய புகழை நானே மொழிபெயர்க்கக் கூசி நின்றேன். மாமா அந்த வேலையை எடுத்துக்கொண்டார்.

"அத்தான், மருமோன் இல்லாட்டி இந்த யூனிவேர்சிற்றியை இழுத்துப் பூட்டத்தான் வேணுமாம்."

அப்பா சிரிக்கவில்லை. பேராசிரியர் போனதும் என்னிடம் கேட்டார். "இந்த மனுசி ஆர்?"

"இவதான் அப்பா என்ர பேராசிரியர்."

"அப்ப அந்தப் பொடியன்?"

சொன்னேன். வேறு வழியில்லை.

அவர் கோட்டின் பொத்தானைப் பூட்டினார், கழற்றினார், திரும்பவும் பூட்டினார். "உன்னை வெக்கப்படுத்திப் போட்டன்."

"இல்லையப்பா. எல்லாருக்கும் சந்தோசம்."

"நித்திரையும் கொண்டிட்டன். ஒண்டும் விளங்கேல்ல. இனி உப்பிடியான இடத்துக்கு என்னைக் கூப்பிடாத தம்பி. கொம்மாவைக் கூட்டிக்கொண்டு போ."

எத்தனையோ நாள் யோசித்து, எத்தனையோ தயங்கி, ஒரே ஒரு கேள்வியோடு வந்த மனிதர். அதற்குப் பதில் கிடைக்காமலே மோர்டன் ரயிலில் ஏறிவிடப் போகிறார். ஏறிவிட்டால் இன்னொருமுறை கேட்கமாட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் அப்பா அப்படித்தான்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்" என்றேன். "அம்மா பிளாஸ்கில கொண்டு வந்திருக்கிறா."

பக்கத்துச் சதுக்கத்தில் ஒரு மர மேசை இருந்தது. நாலு பேரும் இருந்தோம். வெயில் இருந்தது, குளிரும் இருந்தது. அப்பா தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாமாவின் கடை நீலப் பையை மேசையில் நீளமாக விரித்தேன். அதன் நடுவில் பிளாஸ்கை வைத்தேன்.

"இது ஆறு. இது கோபுரம். அங்கால, அந்த ரோல்ஸ் பெட்டி, அதுதான் நகரம்."

அப்பா திரும்பவில்லை. மாமா திரும்பினார். "நான் ஆர்?"

"நீங்கள் கப்பலில வாற ஆக்கள்."

"எங்கயிருந்து?"

"ஜேர்மனி, ஒல்லாந்துப் பக்கம், பிரான்ஸ்..."

"அப்ப எனக்குச் சரிதான். நானும் பிரான்சில இருந்து வந்தவன்தானே. அவைக்கு விசா இருந்ததோ?"

"அம்மா, ஒரு சங்கிலி வேணும்."

அம்மா தாலிக்கொடியை ஒரு கையால் மூடிக்கொண்டார். "இதைத் தொடாத!" பிறகு கழுத்திலிருந்த மெல்லிய சங்கிலியைக் கழற்றித் தந்தார். "கவனம். உன்ர மாமா பக்கத்தில இருக்கிறான்." சங்கிலியை பிளாஸ்கின் பிடியிலிருந்து ரோல்ஸ் பெட்டி வரைக்கும் இழுத்து வைத்தேன். நீலப் பையின் மேல் அது மினுங்கியது.

"இதைத் தாண்டிக் கப்பல் போக ஏலாது. கோபுரத்தைப் பிடிச்சாத்தான் சங்கிலியை இறக்கலாம்."

"ஏன் வருகினம் உவை?" அம்மா கேட்டார்.

"கடவுளுக்காக எண்டு சொல்லிக்கொண்டு."

"அங்க நிண்டவை?"

"அவையும் கடவுளைத்தான் கும்பிட்டவை. அடிபாடு நடக்கேக்க மதில் மேல நிண்டும் கும்பிட்டவை, அக்கரையில நிண்டும் கும்பிட்டவை. ரெண்டு பக்கமும் ஒரே நேரம்."

"ஐயோ பாவம்" என்றார் அம்மா. "மேல இருந்து கேட்டுக்கொண்டிருந்த கடவுள் என்ன பாடு பட்டிருப்பார் எண்டு யோசிச்சுப் பார்."

அப்பாவின் வாய் லேசாகக் கோணியது. சிரிப்புத்தான். கோப்பையை வைத்துவிட்டு மேசைப் பக்கம் திரும்பினார். பிளாஸ்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உதுக்குள்ள ஆக்கள் இல்லையோ?"

"இருந்தவை அப்பா."

"எங்க?"

நான் வைக்கவில்லை. அப்பா, அம்மா கொண்டு வந்திருந்த கடலைச் சுண்டல் டப்பாவைத் திறந்தார். பிளாஸ்கின் மூடியைக் கவிழ்த்து மேலே வைத்து, அதற்குள் கடலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவசரப்படாமல், ஒன்றின் மேல் ஒன்று விழாமல், சுற்றிவர நிறுத்தினார்.

"இப்ப சொல்லு."

மாமா கை நீட்டி ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

"மச்சான்! வையும் அதை!"

"அடிபாடெண்டா இழப்பு இருக்கும் அத்தான்."

அந்தப் பகிடிக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்பாதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே இன்னொரு கடலையை எடுத்து அந்த இடத்தில் வைத்தார்.

நான் சொல்லத் தொடங்கினேன். முதலில் வந்த கப்பல்களின் ஏணி முறிந்து ஆட்கள் ஆற்றில் விழுந்ததை ரோல்ஸோடு வந்திருந்த பற்றீஸ் பலகாரம் ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினேன். பிறகு, இரண்டு கப்பல்களைச் சேர்த்துக் கட்டி அதன் மேலேயே மரத்தில் ஒரு கோபுரம் எழுப்பினார்கள். பெட்டியிலிருந்த ரப்பர் வளையத்தால் இரண்டு ரோல்ஸைச் சேர்த்துக் கட்டி, பல் குத்தும் குச்சியை ஏணியாகக் குத்தினேன். நெருப்புப் பிடிக்காமல் தோலால் போர்த்தினார்கள் என்றதும், மாமா கடதாசித் துவாயால் ரோல்ஸைப் போர்த்திவிட்டார். "பொன்னாடை" என்றார். அப்பா அவர் தலையில் தட்டினார். ஆனால் கண் மேசையை விட்டு எழும்பவில்லை. ஆங்கிலத்தில் எவ்வளவோ ஒத்திகை பார்த்துப் பேசிய பேச்சு இது. தமிழில், யாழ்ப்பாணப் பேச்சில், இதை நான் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்த்ததில்லை. சொற்கள் தாமாக வந்தன. வள்ளத்தின் பாகங்களைச் சொல்லும் அணியம், வங்கு, பாய்மரம் எல்லாம் அப்பாவின் வாயிலிருந்து சின்ன வயதில் என் காதில் விழுந்து கிடந்த சொற்கள்.

"கடைசியில ஏணி கோபுரத்தில பட்டுது. ஏறிட்டினம்."

அம்மா குனிந்து சங்கிலியின் கொக்கியைத் தானே கழற்றினார். மாமாவை நம்பவில்லை.

"உள்ளுக்கு நிண்டவை?" அப்பா கேட்டார்.

"கன பேர் கையைத் தூக்கினவை. கொஞ்சப் பேர் யன்னலால ஆத்துக்குள்ள குதிச்சவை. அதில சில பேர் தண்ணிக்குள்ள தாண்டு செத்துப் போச்சினம் எண்டு எழுதிக் கிடக்கு."

"மிச்சப் பேர்?"

"அதைப் பற்றி ஒண்டும் இல்லையப்பா. எழுதி வைச்ச ஆள் கப்பலோட வந்தவர்."

அப்பா தலையை மெதுவாக ஆட்டினார். "ஓம். கப்பலில நிண்டு பாத்தா கரை மட்டும்தான் தெரியும். ஆக்கள் தெரியாது." கடலைகளைப் பார்த்தபடியே, "அவங்கள் அடிக்கேக்க நான் கவுத்துவைச்ச வள்ளத்துக்குப் பின்னால படுத்துக் கிடந்தனான். உன்னை விட இளம் வயசு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அம்மா அவருடைய கோட்டின் கையிலிருந்த ரோல்ஸ் தூளைத் தட்டிவிட்டார். தூள் போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். மாமா தன் இரண்டு கப்பல்களையும் அவிழ்த்து ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தார். மூடிக்குள் நின்ற கடலைகளை அப்பா யாரையும் தின்ன விடவில்லை. கடதாசித் துவாயில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். ரயிலில், ஸ்டொக்வெல்லுக்கு முன்பே என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார்.

விளங்கியதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பேராசிரியர் மட்டும் என்னைக் காணும்போதெல்லாம் அடுத்த பொன்னாடை எப்போது என்று கேட்பார். அந்த இளைஞருடைய அறைப் பக்கம் ஒருநாள் போனேன். கதிரையின் முதுகில் பொன்னாடை நேர்த்தியாகப் போர்த்திக் கிடந்தது.

சில கிழமைகள் கழித்து ஒரு சனிக்கிழமை. அப்பா யாருக்கோ பதிலாகப் பகல் ஷிப்ட் செய்தார். அம்மா தந்த சாப்பாட்டோடு ஸ்ட்ரெதமுக்குப் போனேன். கடைக் கதவு தானாகத் திறந்தது. அப்பாவின் குரல் வாசல்வரை கேட்டது. வீட்டில் அப்படிச் சத்தமாகப் பேசமாட்டார்.

"இஞ்ச பாருங்கோ, இதுதான் கோபுரம்."

சூயிங்கம் டப்பா ஒன்று கல்லாவின் முன்னால் நிமிர்ந்து நின்றது. யாரோ விட்டுப்போன திறப்புச் சங்கிலி, சாவிகளோடு, அதிலிருந்து சிகரெட் லைட்டர் பெட்டிவரை கிடந்தது. இரண்டு சொக்கலேற் கட்டிகள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. முன்னால் நின்றவர், என்னை மரைன் எஞ்சினியர் என்று நினைத்து அன்று சாதகம் கேட்டு வந்தவர். அவருக்குப் பின்னால் காசு கட்ட வரிசை. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா பல இடத்தில் பிழை விட்டார். கோபுரத்தை நகரத்துக்கு உள்ளே கொண்டுபோய் வைத்தார். சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றினார். ஏணி முறிந்த கதையை மறந்துவிட்டார், அல்லது தேவையில்லை என்று விட்டிருக்கலாம். ஆனால் கோபுரத்தின் மேல் சின்னச் சின்ன மிட்டாய்களை நிறுத்தி வைத்திருந்தார். அவற்றை மட்டும் மிகக் கவனமாக எடுத்து ஒவ்வொன்றாகக் கல்லாவின் விளிம்புக்கு நகர்த்தினார்.

"...சில பேர் பாவம், தாண்டு போச்சினம். மிச்சப் பேர் எல்லாரும் நீந்திக் கரைக்கு வந்திட்டினம். கடலோட பிறந்த சனம் எல்லே. என்ர மகன் உதைத்தான் படிக்கிறான்."

அப்போதுதான் என்னைக் கண்டார். சாதகம் கேட்டவரும் திரும்பினார்.

"தம்பி, உண்மையோ? நீந்தி வந்தவையோ?"

அப்பா ஒரு மிட்டாயை விரலால் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். நான் சாப்பாட்டுப் பையைக் கல்லாவில் வைத்தேன்.

"வரேல்ல எண்டு ஒருத்தரும் எழுதேல்ல அண்ணை" என்றேன்.

அப்பா அந்த மிட்டாயையும் கரையில் வைத்தார். பிறகு நிமிர்ந்து, அடுத்து நின்ற பெண்மணியிடம் தன் ஆங்கிலத்தில், "சொறி மேடம், பம்ப் நம்பர்?" என்று கேட்டார்.